நேசமணி என்றால் 1956 மட்டும்தானா?

தக்கலைக்காரி:
நாகர்கோவிலில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். மார்ஷல் நேசமணி பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். எதைப் புரட்டினாலும் ‘குமரித் தந்தை’, 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது, அதோடு சரி. இணையத்தில் பேரைப் போட்டால் சினிமா காமெடிதான் முதலில் வருகிறது. அவரைச் சீர்திருத்தவாதி என்று சொல்லலாமா, எல்லைப் போராட்டத் தலைவர் என்று மட்டும் எழுதணுமா? மூத்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய குமாஸ்தா:
மக்களே, நான் குழித்துறை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். தாராளமாகச் சீர்திருத்தவாதி என்று எழுது. கட்டுரையை 1956-இல் தொடங்காதே, 1921-இல் தொடங்கு. பள்ளியாடியில் பிறந்த மனுஷன் அந்த வருஷம்தான் நாகர்கோவிலில் வக்கீலாக வந்தார். வக்கீல் சங்கத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. அவர் முக்காலியை எட்டி உதைத்து நாற்காலி போட வைத்தார், பானையையும் உடைத்தார் என்று எங்கள் கோர்ட்டு வட்டாரத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். சட்டம் படித்தவனுக்கே முக்காலி என்றால் பனையேறுகிறவனுக்கும் குத்தகைக்கு உழுகிற பாட்டக்காரனுக்கும் என்ன கிடைத்திருக்கும்? அவருடைய அரசியல் அந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

வெளியூர்க்காரர்கள் இந்த இணைப்புப் போராட்டத்தை மொழிப் போராட்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருவிதாங்கூர்க் காலத்து நில ஆதாரங்கள், அதாவது பத்திரங்கள், என் கையில் எவ்வளவோ வந்திருக்கின்றன. எழுத்து மலையாளம். கைநாட்டு வைத்தவருக்குத் தன் நிலத்தின் எல்லை என்னவென்று வாசிக்க வழியில்லை. வழக்குக்காரர்கள் ஆதாரத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து ‘இதில் என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க’ என்று கேட்பார்கள். தாலுகா கச்சேரியிலும் கோர்ட்டிலும் தன் பேச்சு செல்லுபடியாக வேண்டும் என்றுதான் சாதாரண ஆள் தெருவில் இறங்கினான்.

1952-இல் அவர் நாகர்கோவில் எம்.பி. 1953-இல் தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கக் கேட்ட அவருடைய கட்சி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், ஆதரவை விலக்கிக்கொண்டதும் திருவிதாங்கூர்-கொச்சியில் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை விழுந்தது. 1954 சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு 12 இடம். அதே வருஷம் ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கேட்டுப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையை ராஜினாமா செய்யச் சொன்னவர் யார் தெரியுமா? அவருடைய சொந்தக் கட்சியான பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா! தன் கட்சி ஆட்சி சுட்டாலும் தப்பு தப்புதான் என்று சொன்ன மனுஷன். அவரையும் உன் கட்டுரையில் விட்டுவிடாதே.

சானல்கரை:
அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. ஆனால் விளவங்கோடு தாலுகாவில் விவசாயம் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். நெய்யாறு அணை கேரளப் பக்கம், அதன் இடதுகரைச் சானல் (கால்வாய்) நம் பக்கம். 2004-இலிருந்து கேரளம் தண்ணீர் விடுவதில்லை. சானலில் காடு மண்டிக் கிடக்கிறது. நில விஷயத்திலும் 1970 ஜனவரி 1-ஆம் தேதி கேரளத்தில் ஜென்மி முறையே, அதாவது நிலவுடைமைப் பெருந்தலைகள் முறையே, ஒழிந்தது. இணைந்ததால் நமக்கு நட்டமே இல்லை என்று எழுதினால் அது முழு வரலாறு ஆகுமா?

வடசேரி டீச்சர்:
என் சின்ன வயதில் இங்கே ஓடிய அரசு பஸ் எல்லாவற்றிலும் ‘நேசமணி போக்குவரத்துக் கழகம்’ என்றுதான் இருக்கும். 1997-இல் தலைவர்கள் பேரை எல்லாம் எடுத்தபோது அதுவும் போயிற்று. பிள்ளைகள் தினம் கண்ணால் பார்த்த பேர் அது. இப்போது வகுப்பில் கேட்டால் மணிமண்டபம் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

பழைய குமாஸ்தா:
சானல்கரை தம்பி, தண்ணீர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். அது எழுதப்படவே வேண்டும். நிலத்துக்கு மட்டும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரி (அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் பட்டா நிலம்) ஆக்கிக் கன்னியாகுமரிக்கென்றே 1964-இல் சென்னையில் தனிச் சட்டம் வந்தது. நேசமணி அப்போது டெல்லியில் எம்.பி., சட்டம் அவர் போட்டதில்லை. ஆனால் நம் நிலத்துக்கென்று தனியாகச் சட்டம் போடச் சென்னைச் சட்டசபையில் நமக்கு ஆள் இருந்தது. 1957-இல் கிள்ளியூரிலிருந்து அவரே அந்தச் சபைக்குப் போனவர்தான்.

தக்கலைக்காரி மக்களே, 1955 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை மீது மக்களவையில் நடந்த விவாதத்தை எடுத்துப் படி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொன்ன அறிக்கை அது. மலைத் தாலுகாக்களான தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. அதற்கு ஆணையம் சொன்ன காரணத்தையும் படித்துவிட்டு வா, பேசுவோம்.