கூட்டுப் பயிற்சி முடிந்த கடலில் வலை போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காசிமேட்டான்:
2017 ஜூலை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிந்து நாங்கள் கடலுக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம் கடற்படையோடு மலபார் கூட்டுப் பயிற்சிக்கு அமெரிக்காவும் ஜப்பானும் வந்திருந்தன. 16 கப்பல், 2 நீர்மூழ்கி, 95 விமானம் என்று பேப்பரில் போட்டார்கள். ஜப்பானின் இசுமோ போர்க்கப்பல் மட்டுமே 248 மீட்டர். எங்கள் விசைப்படகு பன்னிரண்டை வரிசையாகக் கட்டினால்தான் அந்த நீளம் வரும். ஆனால் எங்கள் கண்ணுக்குக் கிடைத்தது தொடுவானத்தில் ஒரு சாம்பல் கோடு, அப்புறம் இரைச்சல். அவ்வளவுதான்.

முடிந்து பத்து நாள் இருக்கும். வலையை இழுத்தால் ஏதோ சிக்கியிருந்தது. மூன்றடி நீளக் குழாய், உள்ளங்கை அகலம், வாயில் கிழிந்த ஆரஞ்சுப் பை. கூடவே நரம்பு மாதிரி ஒரு வயர். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது! வலைக்கண் ஒவ்வொன்றிலும் புகுந்து முறுக்கிக்கொண்டிருந்தது. அப்பா குழாயைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து, "தொடாதடா, குண்டா இருக்கப்போவுது" என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து அறுத்தோம். இரண்டு பாகம் வலை போச்சு. கரையில் குழாயை ஒப்படைத்தபோது எங்கே கிடைத்தது என்று நாலு முறை கேட்டார்கள், வலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தண்டையார்பேட்டை மாமா:
அது குண்டு இல்லை தம்பி, சோனோபாய். நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்க விமானத்திலிருந்து போடும் மிதவை. நான் விமானப் பராமரிப்பில் இருந்தவன். பாராசூட்டில் போடுவார்கள். தண்ணீரில் விழுந்ததும் பை ஊதிக்கொண்டு ஆன்டெனாவோடு மேலே மிதக்கும், மைக் அந்த வயரில் தொங்கி கீழே போகும். மேலே சூடான தண்ணீர், அடியில் குளிர்ந்த தண்ணீர்; அவை சேரும் இடத்தில் சத்தம் வளைந்துவிடும். நீர்மூழ்கிக்காரன் அதற்குக் கீழேதான் பதுங்குவான், அதனால் காதும் அங்கே இறங்கவேண்டும். ஒன்று போட்டால் சத்தம் இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரிய நாலைந்து போடவேண்டும். அந்த வருடம் நீர்மூழ்கி வேட்டைக்குத்தான் முக்கியத்துவம். அரக்கோணம் கடற்படை விமானத் தளத்தில் நம் பி-8ஐ நீர்மூழ்கி வேட்டை விமானம் 2013-லிருந்து இருக்கிறது, அமெரிக்கர்களும் அதே ரகத்தோடு வந்தார்கள். யார் போட்டது என்று யார் கண்டது? வேலை முடிந்ததும் தானாக மூழ்கவேண்டியது, சிலது மூழ்காது.

எண்ணூர் வெல்டர்:
எனக்கு இவ்வளவு பெரிய அனுபவமெல்லாம் இல்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ சரக்குக் கப்பல் காட்டுப்பள்ளி கப்பல்கட்டும் தளத்துக்கு ரிப்பேருக்கு வந்தபோது பக்கத்துத் தளத்தில் வேலை. அவர்கள் கப்பல் இந்தியாவில் ரிப்பேர் பார்த்தது அதுதான் முதல் முறை என்றார்கள். பார்த்தால் அங்கேயும் அதே துரு, அதே பெயின்ட்தான்.

2024 செப்டம்பரில் அரக்கோணத்து எம்.க்யூ-9பி ட்ரோன் பழுதாகி சென்னைக்கு அப்பால் கடலில் இறங்கியதே, அது உங்கள் வலையில் வரவில்லையா காசிமேட்டண்ணே?

காசிமேட்டான்:
அது வந்திருந்தால் படகே போயிருக்கும்! மாமா, ஒரு சந்தேகம். குழாயைத்தான் ஒப்படைத்தோம், அறுத்த வயரை யாரும் கேட்கவில்லை. அம்மா மொட்டை மாடியில் கட்டி வாளைமீன் காயப்போடுகிறார். ஏழு மழைக்காலம் ஆச்சு, துருவே ஏறவில்லை. திருப்பித் தரணுமா?