பெரியவீட்டுக் குழுவில் சனிக்கிழமைப் பேச்சு

செல்வி: சனிக்கிழமை நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை. 30 வயது தாண்டிய பெண்கள் வரலாம், காசு கிடையாது. நர்ஸ் அக்கா இன்று ராத்திரிக்குள் பேர் கேட்கிறார்கள். யார் யார்?

முத்துலெட்சுமி: சனிக்கிழமை பீடிக் கட்டு ஒப்படைக்கணுமே

ஆறுமுகம்: கோவில் கொடைக்கு வரி இன்னும் மூணு வீடு பாக்கி. இந்த வாரத்துக்குள் கொடுத்துருங்க

கோமதி: எனக்குத்தான் இசக்கி பிறந்தப்பவே ஆப்பரேஷன் பண்ணியாச்சே. எனக்கு எதுக்கு

செல்வி: அத்தை, அது குடும்பக் கட்டுப்பாடு. அதில் கருக்குழாயைத்தான் கட்டுவார்கள். கர்ப்பப்பை வாய் அப்படியேதான் இருக்கும். நோய் வருவது ஹெச்பிவி என்ற வைரஸால். அந்த வைரஸ் பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்குத்தான் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றாக மாறும். அந்த வருடங்களில் வலி, ரத்தம் எதுவும் தெரியாது. அதனால்தான் நன்றாக இருக்கும்போதே பார்க்கச் சொல்கிறேன்.

கோமதி: நின்று போய் நாலு வருஷம் ஆச்சு

செல்வி: நின்றவர்களுக்கும் வரும் அத்தை. நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முகாமுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போகணும்.

ஆறுமுகம்: இதைப் பொம்பளைங்க குரூப்பில் போடலாமே

செல்வி: அண்ணே, மதினியை வண்டியில் கூட்டி வரப்போவது நீங்கள்தான். அதனால்தான் இங்கே போட்டேன்.

முத்துலெட்சுமி: 👍

இசக்கி: இந்த டெஸ்ட் எடுத்தால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லுவாங்கன்னு ஒரு ஆடியோ வந்துச்சே

செல்வி: அதை யாருக்கும் அனுப்பாதே இசக்கி. வினிகரில் இருக்கிற அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். வெள்ளையாகத் தெரிந்தால் மேற்கொண்டு சோதிப்பார்கள். வெள்ளை தெரிந்தாலே புற்று என்று அர்த்தமில்லை. ஆரம்ப மாற்றம் என்றால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சூடு வைத்தோ சரிசெய்யலாம். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் இதே பரிசோதனையை ஒரு தடவை செய்து பார்த்தார்கள், 2007-இல் முடிவு வந்தது. பரிசோதனை செய்யாத ஊர்களைவிட இந்த நோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. ஆனால் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 10 பேர்கூட இதைச் செய்திருக்கவில்லை. நாடு முழுக்க 2 பேர்கூட இல்லை.

இசக்கி: அழிச்சிட்டேன்

கோமதி: பேச்சி மதினிக்கும் வெள்ளைப்பாடுதான். உடம்புச் சூடுன்னு வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சிக்கிட்டே இருந்தா. நான் அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன்

சுடலைமுத்து: எப்போ சொன்னே? பங்குச் சண்டையில் ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே வரலியே நீ

முத்துலெட்சுமி: மாமா, இங்கே வேண்டாம்

செல்வி: பேச்சிப் பெரியம்மாவைப் பற்றி யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். அவர்களை யாரும் முன்கூட்டியே கூப்பிட்டுப் பார்க்கவில்லை. இப்போது கூப்பிடுகிறார்கள், போவோம்.

ஆறுமுகம்: அத்தை, பொங்கல் வைக்கிற வெண்கலப்பானை உங்க வீட்டில்தானே?

கோமதி: அது எங்க அம்மை எனக்குக் கொடுத்தது

இசக்கி: 😂 ஆரம்பிச்சாச்சு

சுடலைமுத்து: செல்வி, முத்துலெட்சுமி பேரை எழுதிக்கோ. பீடியை நான் கொண்டுபோய்க் கொடுத்துருதேன்

முத்துலெட்சுமி: பரவாயில்ல மாமா, நானே கொடுத்துட்டு 11 மணிக்கு வந்துருவேன். செல்வி, அதுவரைக்கும் இருப்பாங்களா?

செல்வி: நான் சொல்லி வைக்கிறேன் மதினி. மாதவிடாய் நாளாக இருந்தால் மட்டும் அன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் போகலாம். அத்தை, நீங்கள்?

கோமதி: நர்ஸ் பொம்பளைதானே?

செல்வி: ஆமா அத்தை. திரை போட்டிருப்பார்கள், நானும் பக்கத்தில் நிற்பேன்.

கோமதி: காலையில் சொல்றேன்

செல்வி: ராத்திரிக்குள் வேணும் அத்தை

ஆறுமுகம்: ஆட்டோ போதுமா, வேன் சொல்லவா?