பிரிட்டனில் ரெண்டு வேலை பார்க்கிறீங்களா? சிக் பே ரெண்டு இடத்திலும் கேளுங்க

வாரநாளில் கேர் ஹோம், சனி ஞாயிறு ஆபீஸ் க்ளீனிங் அல்லது சூப்பர் மார்க்கெட். வந்த புதிதில் பலருக்கும் இப்படித்தான் ஓடுகிறது. உடம்பு முடியாமல் போனால் பெரிய வேலையில் சிக் பே (நோய்க்காலச் சம்பளம்) வாங்கிவிட்டு, சின்ன வேலையில் "இந்த வாரம் வர முடியாது, ஸாரி" என்று ஒரு மெசேஜோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சின்ன வேலையிலும் பணம் உண்டு.

எஸ்எஸ்பி எனப்படும் ஸ்டாச்சுடரி சிக் பே, ஒவ்வொரு முதலாளியிடமும் தனிக்கணக்கு. ஓரிடத்தில் வாங்குவதால் இன்னோரிடத்தில் குறையாது. ஒரே நோய்க்கு ரெண்டு முதலாளிகளும் கொடுக்க வேண்டும். அதிகபட்சம் 28 வாரம் என்ற வரம்பும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஓடும். இதை அரசாங்கம் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முழுவதும் முதலாளியின் கைப்பணம்தான். சின்னக் கடைகளில் இழுத்தடிப்பதற்கு அதுவே காரணம்.

2026 ஏப்ரல் 6-க்கு முந்தைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு எதையும் நம்பாதீர்கள். அதுவரை ஒரு வேலையில் சராசரியாக வாரம் 125 பவுண்டாவது வந்தால்தான் எஸ்எஸ்பி. ரெண்டு வேலையிலும் 110, 110 என்று வாங்கியவருக்கு மொத்தம் 220 வந்தும் ரெண்டு பக்கமும் பூஜ்யம்தான். முதல் மூன்று வேலைநாளுக்குப் பணமும் கிடையாது. ரெண்டு விதியையும் இப்போது எடுத்துவிட்டார்கள். சம்பளம் எவ்வளவு குறைவானாலும், முதல் நாளிலிருந்தே உண்டு. பழைய விதியையே இன்னும் சொல்லும் மேனேஜர்கள் இருப்பார்கள். தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

தொகை இப்படி: உங்கள் சராசரி வாரச் சம்பளத்தில் 80 சதவீதம், அல்லது 123.25 பவுண்ட். இதில் எது குறைவோ அது. வாரம் 154 பவுண்டுக்கு மேல் வருகிறவருக்கு 123.25; அதற்குக் கீழே என்றால் 80 சதவீதம். சராசரி என்பது நோய்க்கு முந்தைய கடைசிச் சம்பள நாள் வரையிலான எட்டு வாரத்தின் சராசரி, வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையில். ஓவர்டைமும் சேரும். ரெண்டு வேலைக்கும் அந்த எட்டு வாரத்து பே ஸ்லிப்பை எடுத்து நீங்களே ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள். பேரோல் ஆள் ஒப்பந்த மணி நேரத்தை மட்டும் வைத்துப் போட்டுவிட்டால் குறைந்துபோகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கேர் ஹோமில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. வாரம் 400 பவுண்ட். க்ளீனிங் சனி, ஞாயிறு, வாரம் 110. வியாழன் காலை படுத்து ஞாயிறு வரை எழ முடியவில்லை. கேர் ஹோமில் 123.25-ஐ நாலு வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு 30.81, வியாழன், வெள்ளி சேர்த்து 61.63. க்ளீனிங்கில் 110-இல் 80 சதவீதம் 88. வேலை ரெண்டு நாள்தான் என்பதால் நாளுக்கு 44, மொத்தம் 88. ரெண்டும் சேர்த்து 149.63. சின்ன வேலையில்தான் அதிகம் வருகிறது, கவனித்தீர்களா? நாலே நாளில் எழுந்துவிட்டாலும் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

ஷிஃப்டைத் தொடங்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போனால் அந்த நாள் சிக் நாளாகக் கணக்கில் வராது. வேலை செய்த நேரத்துக்கான சம்பளம் மட்டும்தான். முடியாது என்று தெரிந்தால் போகும் முன்பே சொல்லிவிடுவது மேல்.

தகவல் சொல்வதும் ரெண்டு பேரிடமும் தனித்தனியே. கம்பெனிக்கு என்று ஒரு நேரக்கெடு இருந்தால் அதற்குள். இல்லையென்றால் ஏழு நாளுக்குள். தாமதித்தால், தாமதமான நாட்களுக்குப் பணத்தை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. போனில் சொன்னாலும் உடனே ஒரு மெசேஜோ ஈமெயிலோ போட்டு வையுங்கள்: என்றிலிருந்து முடியவில்லை, எந்தெந்த ஷிஃப்ட், எஸ்எஸ்பி கேட்கிறேன். மூன்று வரி போதும்.

முதல் ஏழு நாளுக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. வேலை இல்லாத நாளும் இந்த ஏழில் சேரும். அதைத் தாண்டினால் ஃபிட் நோட் (வேலை செய்ய முடியுமா என்று சொல்லும் மருத்துவச் சீட்டு) வேண்டும், அது இலவசம். ஏழு நாளுக்குள்ளேயே சீட்டு கேட்கும் முதலாளிக்காக ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) போனால் காசு கேட்கலாம். ஃபிட் நோட்டை ஜிபி மட்டுமல்ல, நர்ஸ், ஃபார்மஸிஸ்ட், பிசியோதெரபிஸ்டும் தர முடியும். ஒரிஜினல் உங்களுடையது; ரெண்டு முதலாளிக்கும் காப்பி கொடுத்தால் போதும். ஒரே காப்பியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு மற்றவருக்கு இல்லாமல் திண்டாடாதீர்கள்.

ஜிபியிடம் ரெண்டு வேலையையும் சொல்லுங்கள். இது முக்கியம். முதுகு பிடித்தவரால் கேர் ஹோமில் ஆளைத் தூக்க முடியாது, ஆனால் டில்லில் உட்கார்ந்து பில் போட முடியலாம். எஸ்எஸ்பி பார்ப்பது அந்த ஒப்பந்தத்து வேலையைச் செய்ய முடியுமா என்பதைத்தான். அதனால் ஒன்றில் சிக், இன்னொன்றில் வேலை என்பது சட்டப்படி சாத்தியம். ஆனால் ரெண்டும் ஒரே மாதிரி வேலையாக இருந்தால், உதாரணமாக ரெண்டு கேர் ஹோம், யாரும் நம்ப மாட்டார்கள், வேலையே போகலாம். எஸ்எஸ்பிக்கு மேல் முழுச் சம்பளம் தரும் கம்பெனி சிக் பே இருந்தால் அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கலாம். முதலில் அதைப் படியுங்கள், பிறகு எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விசா விஷயம். எஸ்எஸ்பி பொது நிதி உதவி அல்ல, அதனால் விசாவில் அரசு உதவி வாங்கக் கூடாது என்ற "நோ ரிகோர்ஸ்" நிபந்தனை இருந்தாலும் தாராளமாக வாங்கலாம். ஸ்டூடன்ட் விசாவில் டிகிரி படிப்பவருக்கு டெர்ம் நேரத்தில் எல்லா வேலையும் சேர்த்து வாரம் 20 மணி. போன வாரம் சிக், அதனால் இந்த வாரம் 26 மணி என்று ஈடுகட்ட முடியாது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு வாரமும் தனிக்கணக்கு, மீறினால் விசா மீறல். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்கள், சம்பளமில்லா லீவு வருடத்தில் நாலு வாரத்தைத் தாண்டினால் ஸ்பான்சர்ஷிப் (விசாவுக்கு முதலாளி தரும் ஆதரவு) போய்விடும் என்று பயந்து நோயோடு வேலைக்குப் போகிறார்கள். நோய்க்கான லீவு அந்தக் கணக்கில் விலக்கு. ஆனால் ஸ்பான்சர் வேலையில் சிக் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வேலைக்கு மட்டும் போவது விசா பக்கத்தில் சிக்கல், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் ஏஜென்சி மூலமா ஜீரோ ஹவர்ஸ்ல (இத்தனை மணி நேரம்னு நிச்சயம் இல்லாத ஒப்பந்தம்) போறேன். சிக்னு சொன்னதும் ரோட்டால (ஷிஃப்ட் பட்டியல்) இருந்து ஷிஃப்டை எடுத்துட்டு, ஷிஃப்டே இல்ல, அதனால பணம் இல்லன்னு சொல்றாங்க.

பதில்: ஜீரோ ஹவர்ஸ், ஏஜென்சி ரெண்டுக்கும் எஸ்எஸ்பி உண்டு தம்பி. சிக்னு சொல்றதுக்கு முன்னாடியே ரோட்டாவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அதுதான் ஆதாரம். ஷிஃப்ட் ஏற்கெனவே ஒத்துக்கிட்டது என்றால் பின்னாடி அழிச்சுட்டு தப்பிக்க முடியாது. ஒரு அசைன்மென்ட் முடிஞ்சு அடுத்தது இன்னும் வராத இடைவெளிக்குத்தான் கேட்கிறது கஷ்டம். டெலிவரி ஆப்ல சுயதொழிலா ஓடுறவங்களுக்கு அந்த வேலைக்கு எஸ்எஸ்பி கிடையாது. பக்கத்துல பே ஸ்லிப் வர்ற வேலைக்கு மட்டும் உண்டு.

கேள்வி: ஒரே கம்பெனியோட ரெண்டு கடையில வேலை. ரெண்டு எஸ்எஸ்பி வருமா?

பதில்: பொதுவா வராது. ஒரே முதலாளி ரெண்டு சம்பளத்தையும் சேர்த்து நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்துல பிடிக்கிற சமூகப் பாதுகாப்புத் தொகை) பிடிச்சா, அது ஒரே கணக்கு, சராசரியும் சேர்த்துத்தான்.

கேள்வி: க்ளீனிங்ல 88 வரணும், 70.40தான் வந்துச்சு.

பதில்: பே ஸ்லிப்ல டாக்ஸ் கோடு பிஆர்னு இருக்கும் பாருங்க. ரெண்டாவது வேலைக்கு அப்படித்தான் போடுவாங்க, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் போயிடும். சிக் பேக்கும் வரி உண்டு. வருட மொத்தம் வரியில்லா வரம்பான 12,570 பவுண்டுக்குக் கீழே இருந்தா வரித்துறையான எச்எம்ஆர்சியிடமிருந்து திரும்ப வரும். முதல் வேலையில அந்த வரம்பு முழுசா பயன்படலைன்னா மீதியை ரெண்டாவதுக்கு மாத்தச் சொல்லி ஆன்லைன்ல கேட்கலாம்.

முதலாளி மறுத்தால் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எஸ்எஸ்பி1 படிவம் கேளுங்கள். கொடுக்க முடியாது என்றால் ஏன் என்று அதில் எழுதித் தருவது அவர்கள் கடமை. காரணமே இல்லாதவர்கள் பல நேரம் இந்தப் படிவத்தின் பெயரைக் கேட்டதுமே பணத்தைப் போட்டுவிடுவார்கள். அப்படியும் மசியவில்லை என்றால் வேலைத் தகராறுகளில் உதவும் ஏகாஸ் அமைப்பின் ஹெல்ப்லைன் இலவசம், ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸும் இலவசம். ட்ரிப்யூனலுக்கு (தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் மன்றம்) போவதானாலும் முதலில் ஏகாஸ் வழியாகத்தான் போக வேண்டும். காலக்கெடு உண்டு, குணமாகட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

28 வாரம் முடியப்போகிறவருக்கும் அதே எஸ்எஸ்பி1 தான். அதை வைத்து, நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான நியூ ஸ்டைல் இஎஸ்ஏ தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கடந்த ரெண்டு வரி வருடங்களின் நேஷனல் இன்ஷூரன்ஸ் பார்ப்பார்கள் என்பதால், வந்து ஒரு வருடமே ஆனவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது.