பிரசவத்துக்குப் பின் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி: எப்படி உறுதி செய்வது, என்ன செய்வது, எப்போது மேல் சிகிச்சைக்கு அனுப்புவது?

கிராமச்செவிலி (கேள்வி)

பிரசவமாகி ஒன்றரை, இரண்டு மாதத்தில் இருக்கும் தாய்மார்களில் பலர் ஒரே மாதிரியான வலியைச் சொல்கிறார்கள். கட்டைவிரல் அடியில் தொடங்கி, மணிக்கட்டின் ஓரமாக முன்கை வரை ஏறும் வலி. குழந்தையைத் தூக்கும்போதும், ஈரத்துணி பிழியும்போதும், குக்கர் மூடியைத் திருகும்போதும் சுரீரென்று இழுக்கிறது. சிலருக்கு மணிக்கட்டு எலும்பின் மேல் சின்னப் புடைப்பும் தெரிகிறது. டி குவர்வெய்ன் என்ற தசைநாண் உறை அழற்சியாக (தசையை எலும்போடு இணைக்கும் நாரின் உறை தடிப்பது) இருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் இடத்திலேயே இதை உறுதி செய்ய எந்தச் சோதனை நம்பகமானது? கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையில், வலி இல்லாதவர்களும் வலிக்கிறது என்கிறார்கள். அடுத்தது, மருந்துக்கடையில் வாங்கும் மணிக்கட்டுப் பட்டை பலருக்குப் பலன் தரவில்லை. எப்படிப்பட்டதை வாங்கச் சொல்லலாம்? பால் கொடுக்கும் தாய்க்கு எந்த வலி மருந்து பாதுகாப்பானது? பெரியவர்கள் இதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கேட்பதில்லை, காரணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

பிசியோ_மதுரை

சிஸ்டர், முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன், மத்த எல்லாமே அதிலிருந்துதான் வருது. மணிக்கட்டோட கட்டைவிரல் பக்கம், ஆரை எலும்பு நுனியில ஒரு சின்ன மேடு கையில தட்டுப்படும். அந்த மேட்டு மேல ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகலான சுரங்கம் இருக்கு. கீழே எலும்பு, மேலே கெட்டியான நார்ப்பட்டை. கட்டைவிரலை வெளியே விரிக்கிற தசைநாணும், பின்னால நீட்டுற தசைநாணும் இது வழியாத்தான் போகுது. கட்டைவிரலை விரிச்சபடியே மணிக்கட்டை வளைச்சு எடை தூக்கினா, அந்த ரெண்டும் சுரங்கத்து வாயில மடங்கி உரசும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது மேலே இருக்கிற உறை தடிச்சு, உள்ளே இடம் குறைஞ்சு போகுது. பாவாடை நாடாவில முடிச்சு விழுந்தா மடிப்புக்குள்ள நுழையாம மாட்டிக்கும் இல்லையா, அதே மாதிரி.

உருவி விடக்கூடாதுங்கிறதுக்குக் காரணமும் இதுதான். ஏற்கெனவே இடம் இல்லாத சுரங்கத்தை மேலிருந்து கட்டைவிரலால அழுத்தித் தேய்ச்சா, தடிப்பும் வீக்கமும் கூடும். அதுக்கு மேலேயே தோலுக்கு அடியில ஒரு உணர்வு நரம்பு ஓடுது. அதையும் நசுக்கினா கட்டைவிரல் முதுகுப் பக்கம் எரிச்சலும் மரமரப்பும் சேர்ந்துக்கும். பெரியவங்ககிட்ட, "பிசகி எதுவும் விலகலம்மா, எடுத்து வைக்க அங்க ஒண்ணும் இல்ல, இடம்தான் நெருக்கமாயிடுச்சு"ன்னு சொல்லுங்க. எண்ணெயை அழுத்தாம தடவிக்கிட்டா கெடுதல் இல்லை.

சோதனைக்கு வர்றேன். நீங்க சொல்ற, கட்டைவிரலை உள்ளே வச்சு மூடுற முறை ஐக்காஃப்ங்கிற மருத்துவர் சொன்னது. பலரும் அதை ஃபிங்கெல்ஸ்டீன் சோதனைன்னு சொல்லிடறாங்க. அதுல எல்லாத் தசைநாணும் ஒரேயடியா இழுபடும், அதனால நல்லா இருக்கிறவங்களுக்கும் வலிக்கும். படிப்படியாச் செய்யுங்க. முன்கையை மேசையில பக்கவாட்டா வச்சு, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். முதல்ல தன்னோட எடையிலேயே கை சுண்டுவிரல் பக்கம் சாயும்போது வலிக்குதான்னு கேளுங்க. வலி இல்லன்னா மட்டும் கையை இன்னும் கொஞ்சம் மெதுவா சாய்ங்க. அதுலயும் இல்லன்னா கடைசியா கட்டைவிரலைப் பிடிச்சு உள்ளங்கைப் பக்கம் லேசா இழுங்க. முதல் படியிலேயே வலின்னா அதோட நிறுத்திடலாம். உறுதிப்படுத்த இன்னொண்ணு: மணிக்கட்டை முழுசா உள்பக்கம் மடக்கி, கட்டைவிரலை விரிச்சுப் பிடிக்கச் சொல்லி, நீங்க விரலால எதிர்த்துத் தள்ளுங்க. அந்த எலும்பு மேட்டுல வலி வந்தா சந்தேகம் வலுக்கும். எப்பவும் மறு கையில செஞ்சு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

வலி மேட்டுல இல்லாம வேற இடத்துல இருந்தா வேற நோய். மணிக்கட்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே, புறங்கைப் பக்கம் வீங்கி, அசைக்கும்போது நறநறன்னு தட்டுப்பட்டா அது ரெண்டு தசைக்கூட்டம் குறுக்கே உரசுற இடம். கட்டைவிரலோட அடி மூட்டுலயே வலி, அதை அழுத்தித் திருகும்போது கூடுதுன்னா மூட்டுத் தேய்மானம். இது பொதுவா அம்பது வயசை ஒட்டினவங்ககிட்ட, இளம் தாய்மார்கள்கிட்ட அபூர்வம். கீழே விழுந்து கையூன்றின பிறகு கட்டைவிரல் அடிக்குழியில வலின்னா எலும்பு முறிவா இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில அது தெரியாமலும் போகும், அதனால அப்படியே விட்டுடாதீங்க.

கைத்தெரபிஸ்ட்

பட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். கடையில் பெரும்பாலும் கொடுப்பது மணிக்கட்டை மட்டும் பிடிக்கும் பட்டை, அல்லது கிரேப் பேண்டேஜ். கட்டைவிரல் அதில் தாராளமாக ஆடும், ஆகவே இந்த வலிக்கு அது பயன்படாது. மணிக்கட்டோடு கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் "தம்ப் ஸ்பைகா ஸ்பிளின்ட்" என்று கேட்டு, வலது கைக்கா இடது கைக்கா என்றும் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். மணிக்கட்டின் சுற்றளவை அளந்துகொண்டு போனால் அளவு சரியாகக் கிடைக்கும்.

போட்ட பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள். மணிக்கட்டு 15 முதல் 20 டிகிரி வரை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கட்டைவிரல் டம்ளரைப் பிடிக்கும் நிலையில் இருக்க வேண்டும். கட்டைவிரலின் நுனி மூட்டு மட்டும் மடங்க வேண்டும். நுனி மூட்டையும் சேர்த்துக் கட்டினால் ஒரு வேலையும் செய்ய முடியாது, இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிடுவார்கள். எலும்பு மேட்டுக்கு மேலே பட்டையின் தையலோ கம்பியோ அழுத்தினால் வலி கூடும், அந்த இடத்தில் மெல்லிய பஞ்சு வைக்கலாம். விரல் மரத்தால் தளர்த்தச் சொல்லுங்கள்.

மூன்று, நான்கு வாரம் இரவும் பகலும், அதன் பிறகு இரண்டு வாரம் இரவிலும் கனமான வேலையின்போதும் என்பதுதான் பொதுவாகச் சொல்வது. கைக்குழந்தை வைத்திருப்பவரால் முழு நேரமும் போட முடியாது. குழந்தையின் மேல் கம்பி குத்தும், பட்டை ஈரமாகும். அப்படியானால் தூங்கும்போதும் வீட்டு வேலையின்போதும் போட்டாலே போதும், முற்றிலும் விட்டுவிடுவதைவிட அது மேல். ஒரு நாளில் மூன்று, நான்கு முறை கழற்றி, வலிக்காத அளவுக்குள் விரலை மெதுவாக அசைக்க வேண்டும்.

ஆனால் தூக்கும் முறை மாறாமல் எந்தப் பட்டையும் நிலைத்த பலன் தராது. குழந்தையின் இரு அக்குளிலும் கை கொடுத்து, கட்டைவிரல்கள் மேலே விரிந்திருக்கத் தூக்குவதுதான் இந்தச் சுரங்கத்துக்கு மிகவும் கெடுதல். ஒரு உள்ளங்கையைக் கழுத்துக்கும் தலைக்கும் அடியிலும், மற்றதைப் பிட்டத்துக்கு அடியிலும் நுழைக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியிருக்கட்டும். குழந்தையை முதலில் உடம்போடு அணைத்துவிட்டுப் பிறகு எழ வேண்டும். அப்போது எடையை முன்கைதான் தாங்கும்.

தூளியைக் கவனியுங்கள். தாழக் கட்டிய தூளியிலிருந்து குழந்தையை எடுக்கும்போது மணிக்கட்டு முழுதாக மடங்கி, அந்த நிலையில் எடையைத் தாங்குகிறது. குழந்தை படுக்கும் இடம் தாயின் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி ஏற்றிக் கட்டினால் ஒரு நாளில் எத்தனையோ முறை நடக்கும் அந்த இழுப்பு நின்றுவிடும். அந்த உயரத்துக்கு ஏற்ற உறுதியான கொக்கியும், அடியில் கனமான விரிப்பும் அவசியம்.

பால் கொடுக்கும்போது குழந்தையின் தலையை வளைந்த மணிக்கட்டில் ஏந்தக் கூடாது. மடியில் ஒரு தலையணை வைத்து உயரமாக்கி, தலை முழங்கை மடிப்பில் சாயட்டும். துணியை முறுக்கிப் பிழியாமல் குழாயில் சுற்றி இழுக்கலாம், அல்லது வேறு யாராவது பிழியட்டும். தேங்காய் துருவுவது, குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குவது, கட்டைவிரலால் நீண்ட நேரம் கைபேசியில் தட்டுவது எல்லாம் அந்தச் சில வாரங்களுக்கு வேண்டாம்.

கிராமச்செவிலி

நன்றி, தூளி உயரத்தை நான் யோசித்ததே இல்லை, இதை எல்லா வீட்டிலும் பார்க்கச் சொல்லப் போகிறேன். டாக்டர்கள் யாராவது இருந்தால் மருந்து, ஊசி பற்றிச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசி என்றாலே பால் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, இன்னும் கட்டுப்பாட்டுக்குள் வராதவர்களும் இருக்கிறார்கள்.

எலும்புமருத்துவர்_திருச்சி

சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெய்ன் 1895-இல் இதை விவரித்தார். நாள்பட்ட நோயாளிகளில் அறுவையின்போது எடுத்த உறையை நுண்ணோக்கியில் பார்த்தால், அழற்சி அணுக்களைவிட நார் தடிப்பும் சிதைவும்தான் அதிகம் தெரியும். அதனால்தான் மாத்திரையால் வலி தணியும், தடித்த உறை இளகாது. மாத்திரையை 5 முதல் 7 நாள் துணையாக மட்டும் பாருங்கள்.

பால் கொடுக்கும் தாய்க்குப் பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் ஏற்றவை. ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராம், உணவுக்குப் பின், ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பத்தில் கடுமையான ரத்த அழுத்தம் இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். ஆனால் தடவிய இடம் குழந்தையின் வாயிலோ தோலிலோ படாதபடி, பால் கொடுத்த பிறகு தடவி, அடுத்த முறைக்கு முன் கழுவிவிட வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம். வைட்டமின் பி12 மாத்திரைக்கும் "நரம்பு ஊசி"க்கும் இதில் வேலை இல்லை.

நான்கு முதல் ஆறு வாரம் பட்டையும் தூக்கும் முறையும் சரியாக இருந்தும் வலி குறையவில்லை என்றால், அல்லது தொடக்கத்திலேயே குழந்தையைத் தூக்க முடியாத அளவு வலி என்றால், எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் அறுவை இல்லாத வழிகளில் மிகப் பலன் தருவது. ஒன்றோ இரண்டோ ஊசியில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் குணமாகிறார்கள். ஸ்டீராய்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் சேர்ந்து ஏறத்தாழ 1 மில்லிலிட்டர்தான். உறைக்குள் போனால் எளிதாக ஓடும். தசைநாணுக்குள் ஊசி நுழைந்தால் எதிர்ப்பு தெரியும், அப்போது சற்றுப் பின்வாங்க வேண்டும். அழுத்திச் செலுத்தவே கூடாது.

ஊசி ஏன் சிலருக்குப் பலிப்பதில்லை? பத்தில் நான்கு கைகளில் அந்தச் சுரங்கத்தை ஒரு தடுப்புச் சுவர் இரண்டாகப் பிரித்திருக்கும். இந்த நோய் உள்ளவர்களில் அந்தச் சுவர் இருப்பது இன்னும் அதிகம். மருந்து ஓர் அறைக்கு மட்டும் போனால், கட்டைவிரலை நீட்டும் மெல்லிய தசைநாண் அடுத்த அறையில் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும். முதல் ஊசி பலிக்காதவருக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து இரண்டாவது போடுவது அதனால்தான் நல்லது.

பால் கெடாது. தாய்ப்பாலில் சேரும் அளவு மிகக் குறைவு. இப்படிப்பட்ட ஊசிக்குப் பிறகு சில நாள் பால் குறைந்ததாக அபூர்வமாகப் பதிவாகியிருக்கிறது, அது தற்காலிகம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும், அந்த ஒரு வாரம் தினமும் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முதலில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு ஊசி போடுவோம். முதல் ஓரிரு நாள் வலி கூடலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுப்பதும் சதை குழிவதும் நம் நிறத்தோலில் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் மாதக்கணக்கில் தானே சரியாகும், ஆனாலும் இதைச் சொல்லாமல் ஊசி போடுவது தவறு.

இரண்டு ஊசிக்கும் அடங்காதவர்களுக்கு அறுவை. கையை மட்டும் மரக்கச் செய்து, சுரங்கத்தின் மேலுள்ள நார்ப்பட்டையைப் பிளந்துவிடும் சிறு சிகிச்சை, அன்றே வீட்டுக்குப் போகலாம், 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். இரண்டாவது அறையைத் திறக்காமல் விட்டால் வலி தீராது. மேலே ஓடும் உணர்வு நரம்பு அடிபட்டால் கட்டைவிரலின் முதுகு மரத்துப்போகும், சிலருக்கு நீண்ட நாள் எரியும். தாய்மார்களில் இந்தக் கட்டம் வரை வருபவர்கள் குறைவு. பெரும்பாலோருக்குக் குழந்தையைத் தூக்குவது குறையும் மாதங்களில் வலி அடங்கிவிடும்.

மணிக்கட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்று. முள் குத்தியதோ காயமோ இருந்ததா என்று கேளுங்கள். பட்டை கட்டிக் காத்திராமல் அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பிசியோ_மதுரை

டாக்டர் சொன்னதோட பயிற்சியையும் சேர்த்துடறேன், ஏன்னா இதைச் சீக்கிரமே ஆரம்பிச்சுத்தான் பலர் வலியைத் திரும்பக் கூட்டிக்கிறாங்க. சும்மா இருக்கும்போது வலி இருக்கிற வரைக்கும் பலப்படுத்துற பயிற்சி வேண்டாம், ரப்பர் பந்து அமுக்குறதும் வேண்டாம். வலி பாதிக்கு மேல அடங்கினதும், கட்டைவிரலை மறு கையால தடுத்துப் பிடிச்சுக்கிட்டு, அசையாம வெளிப்பக்கம் லேசா தள்ளி 5 விநாடி, பத்துத் தடவை, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. ஒரு வாரம் அது வலியில்லாம போச்சுன்னா விரல்களைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு விரிச்சு, மெதுவா மடக்கணும். செஞ்ச மறுநாள் காலைல வலி கூடியிருந்தா எண்ணிக்கையைப் பாதியாக் குறைச்சுக்கச் சொல்லுங்க, சிஸ்டர்.