பதில்: ‘அவே கோல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

நாலு நாளாக ஓடும் இந்த இழையைக் கிளப்பிவிட்டவன் நான்தான். அதனால் வந்த பரிந்துரைகளுக்கெல்லாம் ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் 2018-19 பருவத்தைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ‘சீசன்’ பருவம் ஆனது, ‘குரூப்’ பிரிவு ஆனது, எல்லாம் மளமளவென்று போனது. ‘அவே கோல்’ (வெளியே போய் ஆடும் அணி போடும் கோல்; இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமன் என்றால் அது அதிகம் உள்ள அணி முன்னேறும் என்று ஒரு விதி இருந்தது) வந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

> அந்த விதியையே 2021இல் தூக்கிவிட்டார்கள். இல்லாத விதிக்கு எதற்கு ஐயா சொல்?

காலணா செல்லாமல் போய் எத்தனை காலம் ஆயிற்று, சொல் நம்மிடம் இருக்கிறதே. அதுவும் இந்தப் பருவத்தை இந்தச் சொல் இல்லாமல் எழுதவே முடியாது. நாக்அவுட் கட்டத்தில் இரண்டிரண்டு ஆட்டங்களாக நடந்த மோதல்கள் 14. அவற்றில் மூன்றைத் தீர்த்தது இந்த விதிதான். பாரிஸ் செயின்ட் ஜெர்மைனிடம் சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்ற மாஞ்செஸ்டர் யுனைடெட், பாரிஸுக்குப் போய் 3-1 என்று ஜெயித்தது. மொத்தம் 3-3, யுனைடெட் உள்ளே. டாட்டன்ஹாமுக்கு இதே அதிர்ஷ்டம் இரண்டு தடவை: காலிறுதியில் மாஞ்செஸ்டர் சிட்டியோடு 4-4, அரையிறுதியில் அயாக்ஸோடு 3-3. இரண்டிலும் சமன், இரண்டிலும் டாட்டன்ஹாம் உள்ளே. எப்படி என்று வாசகர் கேட்பார் அல்லவா?

கேட்டார்கள், என் வீட்டிலேயே. அந்த அயாக்ஸ் ஆட்டம் ஆம்ஸ்டர்டாமில் 2019 மே 8ஆம் தேதி இரவு, நமக்கு விடிந்தால் வியாழக்கிழமை. முதல் ஆட்டத்தில் லண்டனில் 1-0 என்று ஜெயித்துவிட்டு வந்த அயாக்ஸ், இங்கே இடைவேளைக்குள் டி லிக்ட், ஜியெக் புண்ணியத்தில் இன்னும் இரண்டு போட்டுவிட்டது. மொத்தம் 3-0. தூங்கப் போயிருக்க வேண்டியவன், போகவில்லை. 55ஆம் நிமிடம் லூகாஸ் மோரா, 59ஆம் நிமிடம் மறுபடி லூகாஸ் மோரா, கடைசியில் 90 நிமிடம் முடிந்து ஆறாவது நிமிடத்தில் அதே ஆள், அதே இடது கால். அயாக்ஸ் ஆட்டக்காரர்கள் வெட்டிப்போட்ட வாழைமாதிரி அப்படியே புல்லில் விழுந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்தார். “மூணுக்கு மூணுதானே போட்டிருக்கு, இவங்க எதுக்கு அழறாங்க?”

அவே கோல் என்று ஆரம்பித்தேன், புரியவில்லை. அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன்: “ரெண்டு பேரும் சமமா இருந்தா, அடுத்தவன் வீட்டுக்கு விருந்தாளியாப் போய் யார் அதிகமா அடிச்சாங்கன்னு பார்ப்பாங்கம்மா.” அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “வந்தவங்களுக்குச் சலுகையா? நல்ல வழக்கம்தான்.” போய்ப் படுத்துவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இங்கேதான் திரும்பி வருவேன்.

> இரட்டைக் கோல் என்று வைக்கலாம். அதற்குத்தான் இரண்டு மதிப்பு என்கிறார்களே.

என்கிறார்கள், தப்பாக. வர்ணனையாளர்கள் பரப்பிய பழக்கம் இது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் நான் என் மைதானத்தில் 3-1 என்று ஜெயிக்கிறேன், மறு ஆட்டத்தில் உங்கள் மைதானத்தில் 0-1 என்று தோற்கிறேன். மொத்தம் 3-2, நான் உள்ளே. என் மைதானத்தில் நீங்கள் போட்ட ஒரு கோலை இரண்டாக எண்ணினால் 3-3 ஆகிவிடும், சண்டை வந்துவிடும். மொத்தம் சமனாக இருந்தால் மட்டுமே அந்தக் கோல்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சொல்லிலேயே தப்பைப் புதைத்துவிட்டால் பிறகு தோண்டி எடுக்க முடியாது. இரட்டைக் கோல் வேண்டாம்.

> பகைவர் நாட்டின் மேல் படையெடுத்துச் செல்வது வஞ்சி. ‘வஞ்சிக் கோல்’ என்றால் மரபும் இருக்கும், சுருக்கமாகவும் இருக்கும்.

ஐயா, படித்ததும் எனக்குப் புல்லரித்தது, உண்மையாகவே. வஞ்சியும் உழிஞையும் நொச்சியும் ஆட்ட வர்ணனைக்கு எவ்வளவு பொருந்துகின்றன! கடைசி இருபது நிமிடம் பத்துப் பேரையும் கோட்டை வாசலில் நிறுத்திக் காப்பதற்கு நொச்சியைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் இன்றைய வாசகருக்கு வஞ்சி என்றால் முதலில் பெண், அடுத்து வஞ்சகம். ‘டாட்டன்ஹாம் வஞ்சிக் கோலால் வென்றது’ என்று எழுதினால் நடுவருக்குக் காசு கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அடிக்குறிப்பு கேட்கும் சொல் கலைச்சொல்லாக ஓடாது. மன்னியுங்கள்.

இதே சமயம் ‘அயற்கோல்’, ‘புறக்கோல்’ என்றும் வந்தன. நம் மொழியில் கோலுக்கு முன்னால் எதைச் சேர்த்தாலும் அது அரசன் கைக்குப் போய்விடுகிறது. செங்கோல், கொடுங்கோல், அந்த வரிசையில் அயற்கோல். காலனியாட்சி பற்றிய கட்டுரைக்கு வைத்துக்கொள்ளலாம். (கோலையே ‘இலக்கு’ ஆக்க வேண்டும் என்ற பழைய இழையைத் தயவுசெய்து யாரும் தூசு தட்ட வேண்டாம்.)

இனி, பெரும்பாலோர் கை தூக்கிய ‘வெளியூர் கோல்’, ‘அந்நிய மண் கோல்’. கிரிக்கெட் செய்திகளில் அந்நிய மண்ணில் வெற்றி என்று படித்துப் படித்துப் பழகிய காது, சட்டென்று ஏற்றுக்கொள்கிறது. நானும் முதலில் இதைத்தான் எழுதியிருந்தேன். அப்புறம் 2003 நினைவுக்கு வந்தது.

அந்த வருஷ அரையிறுதி ஏசி மிலானுக்கும் இன்டர் மிலானுக்கும். இரண்டும் ஒரே ஊர் என்பது மட்டுமில்லை, இரண்டுக்கும் ஒரே மைதானம், சான் சிரோ. மே 7 அன்று அங்கே 0-0. ஆறு நாள் கழித்து அதே புல்லில், அதே கோல் கம்பங்களுக்கு நடுவே 1-1. ஷெவ்சென்கோ ஏசி மிலானுக்கு ஒன்று போட்டார், மார்ட்டின்ஸ் இன்டருக்கு ஒன்று திருப்பினார். இரண்டாம் ஆட்டத்துக்குக் காகிதத்தில் இன்டர்தான் ஹோம் அணி. ஆகவே ஷெவ்சென்கோ போட்டது அவே கோல், ஏசி மிலான் இறுதிக்குப் போய் யுவென்டஸைப் பெனால்டியில் வென்று கோப்பையும் தூக்கியது. இதில் வெளியூர் எங்கே, அந்நிய மண் எங்கே? இன்டரும் தன் வீட்டில் தோற்கவில்லை என்று சொல்ல முடியாது, தோற்றது என்றும் சொல்ல முடியாது. வீடே இரண்டு பேருக்கும் வாடகை வீடு, மைதானம் அப்போது மிலான் மாநகராட்சிக்குச் சொந்தம்!

இது என்றோ நடந்த ஒரு கூத்து என்று விட்டுவிடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. கொரோனா காலத்தில், 2020-21 பருவத்தில், லிவர்பூலும் லைப்சிக்கும் மோதிய இரண்டு ஆட்டங்களுமே புடாபெஸ்டில் நடந்தன. இரண்டு பேருக்கும் அந்நிய மண். ஆனாலும் ஒன்றில் ஒருவர் ஹோம், மற்றதில் மற்றவர். விதி பார்ப்பது மண்ணை அல்ல, அன்றைக்கு யார் வந்தவர் என்று தாளில் எழுதியிருக்கிறதோ அதை. ஊர், களம், மண், திடல் என்று இடத்தைச் சொல்லும் எந்தச் சொல்லும் சான் சிரோவில் தடுக்கி விழும். ஆளைச் சொல்லும் சொல்தான் வேண்டும்.

ஆளைச் சொல்வதில் இரண்டு வந்தன. ‘வருகைக் கோல்’ மோசமில்லை, ஆனால் எனக்குப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுதான் கண்ணில் படுகிறது. மிச்சம் இருப்பது என் அம்மாவுக்குப் புரிந்தது: விருந்தாளி கோல்.

> விருந்தாளி என்றால் வாழையிலையும் பாயசமும்தான் ஞாபகம் வருகிறது. ஆட்டத்தின் சூடு இல்லை.

வரட்டுமே. விதி பிறந்த கதையைப் பார்த்தால் அந்த உபசாரம் தேவைதான் என்று தோன்றும். முன்பெல்லாம் இரண்டு ஆட்டமும் சமன் என்றால் பொது இடத்தில் மூன்றாவது ஆட்டம், அதுவும் சமன் என்றால் காசைச் சுண்டிவிட வேண்டியதுதான். 1965 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் அணியும் 0-0, 0-0 என்று ஆடி, ராட்டர்டாமில் மூன்றாவதாக 2-2 என்று முடித்தன. நடுவர் ஒரு வில்லையைச் சுண்டிவிட்டார், அது சேற்றில் செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றது. மறுபடி சுண்டினார், லிவர்பூல் ஜெயித்தது. கோப்பை வென்றோர் கோப்பை என்று அப்போது இருந்த இன்னொரு போட்டியில், அதே ஆண்டு தொடங்கிய பருவத்தில், அவே கோல் விதி வந்தது.

அந்தக் காலத்தில் வெளியே போய் ஆடுவது லேசான காரியமில்லை. நீண்ட பயணம், பழக்கமில்லாத புல், எதிரில் முழுக்க அடுத்தவன் ஆட்கள். போனவர்கள் பின்னால் பத்துப் பேரை நிறுத்திவிட்டு, தோற்காமல் வந்தால் போதும் என்று ஆடினார்கள். முன்னேறி ஆடு, ஒரு கோல் போட்டால் உனக்குச் சலுகை உண்டு என்று ஆசை காட்டத்தான் விதி. விதியை எடுத்தபோது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா சொன்ன புள்ளிவிவரமும் இதையே காட்டுகிறது: 1970களின் நடுவில் ஹோம் அணி 61 சதவீதம் ஜெயித்தது, வந்த அணி 19 சதவீதம். பிற்பாடு அது 47, 30 என்று நெருங்கிவிட்டது. வந்தவருக்கு இனிச் சலுகை தேவையில்லை, விட்டால் வீட்டுக்காரன்தான் கோல் வாங்கிவிடுவோமோ என்று பயந்து ஒடுங்கி ஆடுகிறான் என்று எடுத்துவிட்டார்கள். ஆக, வந்தவருக்குக் காட்டிய சலுகைதான் இந்த விதியின் உயிர். விருந்தாளியில் அது இருக்கிறது, அவேயில்கூட அது இல்லை.

ஒற்று மிகுமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். உயர்திணைப் பெயருக்குப் பின் வல்லினம் இயல்பாக நிற்கும், தொழிலாளி கை என்பதுபோல. எனவே விருந்தாளி கோல், நடுவில் ‘க்’ வேண்டாம். அணி அஃறிணை ஆயிற்றே என்று சண்டைக்கு வராதீர்கள்.

மற்றவை சட்டென்று. ‘அக்ரிகேட்’டுக்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘4-0 என்ற கோல் கணக்கில்’ என்று செய்தித்தாள் என்றைக்கோ எழுதிவிட்டது, அதில் ‘மொத்த’ சேர்த்தால் போதும். ‘லெக்’ என்பதைக் கால் என்று மொழிபெயர்த்தவர் நகைச்சுவைக்காகத்தான் செய்தார் என்று நம்புகிறேன். காலிறுதியின் முதல் கால் என்று படித்துவிட்டு, பதினாறில் ஒரு பங்கா என்று ஒருவர் வாய்ப்பாடு தேடினார். முதல் பாதி என்பதும் ஆகாது, அது இடைவேளைக்கு முந்தைய 45 நிமிடம். முதல் ஆட்டம், மறு ஆட்டம் என்றே எழுதிவிட்டேன். யாழ்ப்பாணத்து அண்ணை உதைபந்தாட்டமா கால்பந்தா என்று கேட்டிருந்தார். அவர் எழுதும் இடத்தில் உதைபந்தாட்டம், நான் எழுதும் இடத்தில் கால்பந்து, இரண்டும் ஓடட்டும்.

உண்மையில் என்னைத் தொல்லைப்படுத்துவது ‘கூடுதல் நேரம்’. வீணான நேரத்துக்காகத் தொண்ணூறுக்கு மேல் சேர்ப்பதும் அதுவே, சமனானால் ஆடும் அரை மணி நேரமும் அதுவே. மோரா மூன்றாவது கோலைக் கூடுதல் நேரத்தில் போட்டார் என்று எழுதினால், 30 நிமிடம் சேர்த்து ஆடினார்கள் என்றுதான் பொருள்படும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

சரி, கட்டுரையில் வைத்துப் பார்த்த வரிகள் இவை. வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

“மறு ஆட்டத்தில் சிட்டி 4-3 என்று வென்றது. ஆனால் மொத்தக் கோல் கணக்கு 4-4 என்று சமனாக, விருந்தாளி கோல்கள் மூன்று வைத்திருந்த டாட்டன்ஹாம் அரையிறுதிக்குப் போனது. சிட்டியிடம் விருந்தாளி கோல் ஒன்றுகூட இல்லை. கடைசி நிமிடங்களில் ஸ்டெர்லிங் போட்ட கோலைக் காணொளி நடுவர் ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்.”

“அரையிறுதியில் பார்சிலோனாவிடம் 0-3 என்று தோற்றிருந்த லிவர்பூல், ஆன்ஃபீல்டில் 4-0 என்று வென்றது. மொத்தக் கோல் கணக்கு 4-3. பார்சிலோனா அன்று ஒரே ஒரு விருந்தாளி கோல் போட்டிருந்தால், லிவர்பூலுக்கு அந்த நான்கு போதாமல் போயிருக்கும்.”

இரண்டாவதைத் தட்டும்போது கை எங்கும் நிற்கவில்லை.

‘ஹோம் அணி’ மட்டும் பாக்கி. வீட்டுக்கார அணி என்று எழுதிப் பார்த்தேன், வாடகை கேட்க வந்தவர்போல இருக்கிறது. யாருக்காவது ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள்.