மெக்ரேயும் எங்கள் ஏட்டு மாமாவும்

குமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் துப்பறியும் கதை இரண்டு வழியாக வரும். தமிழில் ராஜேஷ்குமார், மலையாளத்தில் கோட்டயம் புஷ்பநாத். இரண்டையும் விழுந்து விழுந்து படித்த எனக்கு பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன், பாரிஸ் போலீஸ் அதிகாரி மெக்ரேயை வைத்து எழுதிய வரிசை முதலில் சப்பென்றுதான் இருந்தது. 1931 முதல் 1972 வரை 75 நாவல்கள். துரத்தல் குறைவு. மெக்ரே பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு செத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே யார் யாரோடு பேசுவதில்லை என்று பார்ப்பார்.

என்னை இழுத்துப் பிடித்தது 1932-இல் வந்த சான் ஃபியாக்ர் கதை. கத்தோலிக்கர்கள் இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளின் முதல் பூசையில் கோயிலுக்குள் குற்றம் நடக்கும் என்று ஒரு சீட்டு வருகிறது. சான் ஃபியாக்ர்தான் மெக்ரேயின் சொந்த ஊர். அப்பா அங்கே பண்ணைக் காரியஸ்தர். இவர் சிறுவயதில் அதே கோயிலில் பூசைக்கு உதவும் பீடச்சிறுவன். பூசை முடியும்போது ஊர்ச் சீமாட்டி இருந்த இடத்திலேயே செத்திருக்கிறார். கத்தி இல்லை, விஷமும் இல்லை. மகன் தற்கொலை செய்துகொண்டான் என்ற பொய்ச் செய்தி, ஒரு பேப்பர் துண்டு, செபப் புத்தகத்துக்குள். அவருக்கோ பலவீனமான இதயம். நவம்பர் 2 அன்று மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது கூடுதலாகவே உறைக்கும்.

ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆன மாமா ஒருவரிடம் இதைச் சொன்னேன். வழக்கமாகப் பாதியிலேயே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவார். இந்தத் தடவை அதைப் பற்றிப் பேச்சே இல்லை. "கையால தொடாத கொலை மக்ளே, 302 நிக்காதுல்லா" என்றார். 302 அவர் காலத்துச் சட்டத்தில் கொலைக்கான பிரிவு. மெக்ரேயும் அங்கேதான் முட்டி நிற்கிறார். "மவன் எப்படிப்பட்டவன்?" என்று அடுத்த கேள்வி. ஊதாரி, அன்றைக்கும் பணம் கேட்கத்தான் வந்தான் என்றேன்.

"அப்ப அம்மை அந்தப் பேப்பர நம்பத்தானே செய்வா."

மூன்று முறை படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. நல்ல மகனாக இருந்திருந்தால் அந்தத் துண்டுக்கு அவ்வளவு பலம் இருந்திருக்காது.

கடைசியில் ஆளை அம்பலப்படுத்துவது மெக்ரே அல்ல என்றதும் மாமாவுக்குக் கோபம். "பொறவு அவரு எதுக்கு அங்க போனாரு?" எனக்கும் அந்தக் குறை உண்டு.

வரிசைப்படி படிக்க வேண்டியதில்லை. பென்குயின் 2013 தொடங்கி 2020-க்குள் எல்லாவற்றையும் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பில் கொண்டுவந்துவிட்டது. ஆனால் இந்தக் கதையில் தொடங்காதீர்கள். அவர் பாரிஸில் வேலை பார்ப்பதை நாலைந்து கதைகளில் பார்த்த பிறகு படித்தால்தான், சொந்த ஊரில் அவர் தடுமாறுவது புரியும்.