யூரோ நாடுகளில் மருதமுனைச் சாரம் விற்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்

பாண்டிருப்பான்:
உறவுகளுக்கு வணக்கம். நான் ஐரோப்பாவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எங்களுக்குத் தெரிந்த, இலங்கை மருதமுனையைச் சேர்ந்த தறிக்காரர் ஒருவர் கைத்தறிச் சாரங்களையும் (லுங்கி) சேலைகளையும் நெய்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் வராவிட்டால் கொழும்பு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். பாரிஸில் கடை வைத்திருக்கும் மாமாவும் ஜேர்மனியின் டோர்ட்முண்டிலுள்ள சித்தியும் வாங்குவதற்கு ஆட்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எல்லா இடமும் ஒரே நாணயம் என்பதால் ஒரே விலையைப் போட்டு எல்லா நாட்டுக்கும் விற்கலாம் அல்லவா? நகைகளை அடகு வைத்து வந்தவன் என்பதால் இரவில் நித்திரை இல்லை.

கல்லடி அண்ணர், பாரிஸ்:
தம்பி, பயப்படாமல் காசை அனுப்புங்கள். தொண்ணூறுகளில் நாங்கள் இங்குள்ள தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சேலை எடுத்துக்கொண்டு ஜேர்மனியின் ஹம் அம்மன் கோவில் திருவிழாவுக்குப் போய்க் கடை போடுவோம். இரவில் வான் வண்டிக்குள்ளேயே படுப்போம். அங்கே சேர்ந்த ஜேர்மன் மார்க்கை இங்கே பிரெஞ்சு பிராங்காக மாற்றும்போது நாணயம் மாற்றுபவர் எடுத்த பங்கு சில வேளைகளில் எங்கள் இலாபத்தையே விழுங்கிவிடும். 2002 ஜனவரியில் யூரோத் தாள் கைக்கு வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. இப்போது ஜேர்மனியிலிருந்து பிரான்ஸுக்குக் காசு அனுப்புவதற்கு, பக்கத்துத் தெருவுக்கு அனுப்பும் கட்டணமே. நாங்கள் பட்ட பாட்டில் கால்வாசிகூட உங்களுக்கு இல்லை.

களுவாஞ்சிக்குடி அக்கா, ஸ்ருட்கார்ட்:
அண்ணர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாணயம் ஒன்றானாலும் வரி ஒன்றாகவில்லை. பெறுமதி சேர் வரி ஜேர்மனியில் 19 சதவீதம், பிரான்ஸில் 20, இத்தாலியில் 22, 2023இல் யூரோவுக்கு மாறிய குரோஷியாவில் 25. ஒரு நாட்டில் பதிவு செய்த கடை மற்ற நாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் விற்பது வருடத்தில் 10,000 யூரோவைத் தாண்டினால், வாங்குபவரின் நாட்டு வீதத்தில் வரி கட்ட வேண்டும். 2021 ஜூலையிலிருந்து அதை ஒரே இணையப் பதிவின் மூலம் செலுத்தலாம் என்பது மட்டும் ஆறுதல். ஆகவே ஒரே விலை போட்டால் வரி கூடிய நாடுகளில் உங்கள் இலாபம் குறையும். வேறு வேறு விலை போட்டால் சனம் கைத்தொலைபேசியில் ஒப்பிட்டுப் பார்த்துக் கேள்வி கேட்கும்.

அக்கரைப்பற்றான், சூரிச்:
நீங்களாவது யூரோவில் இருக்கிறீர்கள். நாங்கள் இன்னும் சுவிஸ் பிராங்கோடு எல்லை தாண்டி, பொதிக்குப் பொதி சுங்கத்தில் நிற்கிறோம். ஆனால் யூரோ வந்த பிறகு அங்கே விலை ஏறியதே தவிரச் சம்பளம் ஏறவில்லை என்று என் மச்சான் இன்றுவரை புலம்புகிறார்.

கல்லடி அண்ணர், பாரிஸ்:
அதுவும் உண்மைதான். ஒரு யூரோ 6.55957 பிராங்க் என்பதால் 199 பிராங்க் சேலை கணக்குப்படி 30.34 யூரோ; நான் பார்த்த கடைகளில் 35 என்று எழுதி ஒட்டினார்கள். கேட்டால், சில்லறை இல்லை என்பார்கள்.

திருக்கோவிலான், மிலான்:
பழைய கதை இருக்கட்டும். தம்பி எந்த நாட்டில், எந்த அனுமதியில் இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

பாண்டிருப்பான்:
ருமேனியாவின் புக்கரெஸ்டில், கட்டட வேலை அனுமதியில் இருக்கிறேன். அயல்நாடான பல்கேரியா 2026 ஜனவரியில் யூரோவுக்கு மாறிவிட்டது. தன்யூப் பாலத்தைத் தாண்டினால் ருசே நகரம். அங்கே சிறிய கடை ஒன்று போடலாம் என்றும் யோசித்தேன்.

திருக்கோவிலான், மிலான்:
அப்படியானால் கணக்கே வேறு. ருமேனியா 2025 ஜனவரியில், எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வலயத்துக்குள் முழுமையாக வந்ததே தவிர, நாணயம் இன்னும் லெய்தான். மாமா அனுப்பும் யூரோ உங்கள் லெய்க் கணக்கில் விழும்போது வங்கி தன் வீதத்தில் மாற்றும். அண்ணர் சொன்ன பழைய தொல்லை உங்களுக்கு அப்படியே இருக்கிறது. யூரோக் கணக்கு ஒன்றை அங்கேயே திறந்து அதைத் தவிர்க்கலாம். ஆனால் உங்கள் வேலை அனுமதி முதலாளி எடுத்துத் தந்தது. அதை வைத்துச் சொந்த வியாபாரம் செய்ய முடியாது. ருசேக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம், கடை போட முடியாது. அனுமதி பறிபோனால் அடகு வைத்த நகையும் போய்விடும்.

வியாபாரத்தை மாமா செய்யட்டும். பாரிஸ் கடை பதிவுள்ளதென்றால் சுங்கத்துக்கான இறக்குமதி எண்ணை அவர் எடுக்கலாம். சரக்கு நேராக அவர் பெயருக்கு வரட்டும், முற்பணமும் அவர் கணக்கிலிருந்து தறிக்காரருக்குப் போகட்டும். சித்தியின் ஆட்களுக்கு அங்கிருந்து தபாலில் அனுப்பினால் இடையில் சுங்கமும் இல்லை, நாணய மாற்றும் இல்லை. யூரோவின் பலன் உங்கள் குடும்பத்துக்குக் கிடைப்பது அந்த இடத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குக் கொடுக்கும் ஜிஎஸ்பி பிளஸ் இறக்குமதிச் சலுகையில் சுங்கத் தீர்வையைத் தவிர்க்க வேண்டுமானால், 6,000 யூரோ வரையான சரக்குக்குத் தறிக்காரரே தன் பற்றுச்சீட்டில், சரக்கு இலங்கையில் உருவானது என்ற மூலநாட்டு உறுதிமொழியை எழுதலாம். ஆனால் நூல் எந்த நாட்டில் நூற்கப்பட்டது என்பதையும் விதி பார்க்கக்கூடும். ஆகவே இன்றைக்கே அவரிடம் நூல் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்டு, மாமாவுக்கு அனுப்பிவிடுங்கள்.